மிட்டாய் கொண்டுவராத விமானி

ஹெலிகொப்டரிலிருந்து இறங்கியதும் அவன் செய்த முதல் காரியம் தலை வாரிக்கொண்டதுதான். சுற்றி ஒரு தேயிலைத் தோட்டமே பசியோடு நிற்கிறது. இரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் பக்கம் ஏறுகிற ரோட்டை மழை பல இடங்களில் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. லொறி இல்லை, பஸ் இல்லை. கடைசிக் கோதுமை மாவும் தீர்ந்து, நாங்கள் மரவள்ளிக் கிழங்கைத் தோண்டித் தின்றுகொண்டிருக்கிறோம். காப்பாற்ற வந்த மகாராசனோ தலைக்கவசத்தைக் கழற்றி, கால்சட்டைப் பையிலிருந்து ஒரு சீப்பை எடுத்து, ஹெலிகொப்டர் கண்ணாடியில் முகம் பார்த்து முன்மயிரைச் சுருட்டிவிட்டுக்கொண்டிருந்தான்.

"பொண்ணு பாக்க வந்திருக்காரு போல," என்றாள் பக்கத்தில் நின்ற செல்வமணி. அவள் இடுப்பில் ஒன்றரை வயது மகன் இருந்தான். பசியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

அவன் வான்படைக்காரன், சிங்களவன், அதிகாரி. நேரில் 'மாத்தயா', ஐயா, என்றுதான் கூப்பிட்டேன். ஆனால் வயதில் என் கடைசித் தம்பியை விட ஒன்றிரண்டு கூட இருக்கும், அவ்வளவுதான். மனதுக்குள் எப்போதும் 'அவன்'தான். இங்கே மனதுக்குள் இருந்ததையே எழுதுகிறேன்.

நான் அந்தத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற அறை அது. மழையில் பள்ளிக்கூடமும் மூடிவிட்டதால் தோட்டத்துப் பொடிசுகள் எல்லாம் என் தலையில் விழுந்தன. சின்ன வயதில் அலுவிகாரையில் சித்தப்பாவின் கடையில் வளர்ந்தவள் என்பதால் எனக்குச் சிங்களம் தண்ணீராக ஓடும். அதனால் ஹெலிகொப்டர்காரனோடு பேசுகிற வேலையையும் தோட்டத்து மேலாளரான துரை என்னிடமே தள்ளிவிட்டார்.

தலை வாரி முடித்தவன் திரும்பிப் பார்த்தான். ஹெலிகொப்டர் அடித்த காற்றில் பிள்ளைகளின் தலைகள் எல்லாம் பரட்டையாகிக் கிடந்தன. எண்ணெய் வைத்து நான் பின்னிவிட்ட சடைகள் அவிழ்ந்து தொங்கின. ராஜூ என்கிற வாயாடிப் பையன் மட்டும் முன்னால் போய் மிட்டாய்க்காகக் கையை நீட்டி, "டொபி" என்றான். விமானி தன் பைகளை எல்லாம் தட்டிப் பார்த்தான். டொபி இல்லை. கொஞ்சம் வெட்கப்பட்டவன் மாதிரி நின்றுவிட்டு, ராஜூவின் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, அதே சீப்பால் வகிடு எடுத்து அவன் தலையை வாரிவிட்டான்.

பிறகு அடுத்த தலை. அதற்கடுத்த தலை. மாவு மூட்டைகள் இறங்கி முடியும்வரை குத்துக்காலிட்டு உட்கார்ந்து வாரிக்கொண்டே இருந்தான். நான் போய், "மாத்தயா, இதெல்லாம் என் வேலை, விடுங்கள்," என்று சிங்களத்தில் சொன்னேன்.

"கலைத்தது என் மெஷின். சரிபண்ண வேண்டியது நான்தானே?" என்றான். அவன் பேசியதை எல்லாம் இங்கே தமிழில் எழுதுகிறேன். அவனுக்குத் தெரிந்த தமிழ் 'தலை', 'வா' என்ற இரண்டு வார்த்தைதான். அதையும் சேர்த்து 'தலைவா, தலைவா' என்று பிள்ளைகளைக் கூப்பிட்டபோது, தோட்டத்தின் தொழிற்சங்கத் தலைவர் தன்னைத்தான் கூப்பிடுகிறான் என்று இரண்டு தரம் ஓடிப்போய் நின்று ஏமாந்து வந்தார்.

எல்லோரும் சிரித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். கலவரத்தில் டவுனில் தமிழர் கடைகள் எரிந்து அதிக வருடம் ஆகவில்லை. அங்கிருந்து தப்பி எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு வந்தவர்கள் இருந்தார்கள். பட்டாளத்துச் சப்பாத்துச் சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்கிற காலம். சில தாய்மார் தங்கள் பெண்பிள்ளைகளை அவன் முன்னாலிருந்து இழுத்துக்கொண்டு போனார்கள். அவன் சீப்பை அந்தரத்தில் பிடித்தபடி, போகிற பிள்ளையைப் பார்த்துக்கொண்டு இருந்தான். இழுத்துப்போனவர்களை நான் குறை சொல்லவில்லை. இந்த இடத்தை முடித்துக்கொண்டு அவன் சண்டை நடக்கிற வடக்குக்குத்தான் பறப்பானோ, அங்கே எதை இறக்குவானோ என்று எனக்கும் யோசனை ஓடியது. ஆனால் கேட்கவில்லை, மாவு வேண்டியிருந்தது.

போகும்போது, அடுத்த தடவை மேலேயிருந்து தெரிகிற மாதிரி மைதானத்தில் வெள்ளையாக ஒரு அடையாளம் போட்டு வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் நினைத்தது சும்மா ஒரு வட்டம். எங்கள் பெண்களிடம் வெள்ளைப்பொடியைக் கொடுத்து வட்டம் போடச் சொன்னால் வட்டத்தோடு நிற்பார்களா? ஸ்டோரில் தேயிலைக்குப் போடுகிற டொலமைட் தூள் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. விடிந்ததும் எல்லோருமாக இறங்கி, பந்து விளையாடுகிற மைதானம் முழுக்கப் பொங்கலுக்குக்கூடப் போடாத கோலம் ஒன்று போட்டோம். புள்ளி வைத்தது நான்தான். துரை கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து பார்த்து, "குட், குட்" என்றார். கோலத்தின் ஓரமாகப் பிள்ளைகளை, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்கு நிறுத்துகிற மாதிரி வரிசையாக நிறுத்தவும் சொன்னார்.

ஹெலிகொப்டர் கோலத்தின் நடுவில் இறங்கியது. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. தூசி அடங்கியபோது துரையின் கோட்டு வெள்ளை, துரையின் மீசை வெள்ளை, மாடு வெள்ளை, அம்மன் கோயில் மணி வெள்ளை. வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லாம் நரைத்த தலையோடு இருமிக்கொண்டிருந்தார்கள். அவன் இறங்கி வந்து பார்த்தான். திட்டப்போகிறான் என்று நினைத்தேன். "நேற்றுப் பிள்ளைகளாக இருந்தார்கள், இன்றைக்கு எல்லாரையும் பென்சன் எடுக்க வைத்துவிட்டீர்களே!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்துவிட்டு, சீப்பை எடுத்தான். அன்றைக்கு அவன் மூக்கைத் துடைத்துவிட்ட பிள்ளைகள் எத்தனை என்று சொல்ல முடியாது. துரை துடைக்க ஆளில்லாமல் நின்றார்.

வரிசை என்றால் அவனுக்கு ஆகாது. "வரிசை எனக்கு முகாமிலேயே போதும்," என்பான். பிள்ளைகளை நாலு நிமிஷம் வரிசையில் நிற்கப் பழக்க நான் நாலு மாதம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். அதை அவன் ஒரே மத்தியானத்தில் கெடுத்து வைத்தான்.

அவனுக்கு அதற்கான கூலி கிடைத்தது. அடுத்த தடவை வந்தவன் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டுச் சீப்பை எடுக்கவில்லை, இரண்டு கையாலும் தலையைச் சொறிந்தான். யாருக்கும் கேட்காமல் என்னைத் தள்ளிக் கூட்டிப்போய், "நங்கி, முகாமில் என் பக்கத்துக் கட்டில்காரனுக்கும் வந்துவிட்டது," என்றான். நங்கி என்றால் தங்கச்சி. பேன் கொடுத்த பிறகுதான் எனக்கு அந்த உறவு கிடைத்தது. சீத்தாப்பழக் கொட்டையை அரைத்துத் தேய்க்கச் சொல்லி, ஒரு பேன்சீப்பையும் கொடுத்து அனுப்பினேன். இந்த நாட்டு வான்படைக்குள் எந்தச் சோதனையும் இல்லாமல் நுழைந்த தோட்டத்து ஆட்கள் எங்கள் பேன்கள் மட்டும்தான் என்று லயத்தில் பேசிச் சிரித்தோம். அதோடு திருந்துவான் என்று பார்த்தால், அடுத்த முறை இரண்டு சீப்போடு வந்தான்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவன் ஏதோ தங்கமான மனிதன் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பெரியவர்கள் ஏதாவது கேட்டால் அவனிடம் ஒரே பதில்தான், "ஓடர் இல்லை." மேலிடத்து உத்தரவு இல்லையாம். மாத்தளையில் இருக்கிற மகளுக்கு ஒரு தகவல் சொல்லுங்கள் என்று கெஞ்சிய கிழவனுக்கு ஓடர் இல்லை. ஒரு கட்டு வெற்றிலை கொண்டுவரச் சொன்ன கங்காணிக்கும் ஓடர் இல்லை. முகத்தைக் கல்லாக்கி வைத்துக்கொண்டு சொல்வான். அவனோடு வருகிற சார்ஜன் பக்கத்தில் துவக்கோடு நிற்பான், அவன் முகம் பிறவியிலேயே கல்.

ஆனால் சின்னவர்கள் விஷயத்தில் ஓடர் தேவைப்படவில்லை. ஹெலிகொப்டர் காற்றுக்குப் பயந்து ஒரு பிள்ளையின் கோழி தேயிலைக்குள் ஓடிவிட்டது. அந்தப் பிள்ளை அழ ஆரம்பித்ததும், பளபளவென்று மினுக்கிய சப்பாத்தோடு சரிவில் இறங்கி இவனே தேடப் போனான். "சேர், மூடுபனி வருகிறது, சேர்!" என்று சார்ஜன் மேலே நின்று கத்துகிறான். கீழே செடிக்குள்ளிருந்து ஒரு அலறல். என்னவோ ஏதோ என்று ஓடினோம். காலில் அட்டை கடித்திருந்தது. துவக்குச் சூட்டுக்கு நடுவில் பறக்கிறவன் ஒரு அட்டைக்கு அப்படி அலறினான். ஆனால் கையில் கோழி இருந்தது, அதை விடவில்லை. ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று எச்சில் தொட்டு அட்டையைப் பிடுங்கிக் காட்டியதும், கண்ணை மூடிக்கொண்டு மற்றக் காலையும் நீட்டினான்.

எனக்கு அவன் மேல் கோபமும் இருந்தது. பிள்ளைகள் இப்போது என்னிடம் தலை வாரிக்கொள்ள வருவதில்லை, ஹெலி மாமா வரட்டும் என்றார்கள். உதவி செய்கிறவன் உதவி செய்துவிட்டுப் போக வேண்டும். அழகுக்காக உதவி செய்கிறவனை எனக்குப் பிடிக்காது. சின்னச் சின்ன உதவியாகச் செய்து நல்ல பெயர் எடுப்பது சுலபம், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று செல்வமணியிடம் சொல்லிக்கொண்டே இருப்பேன். அவள், "மாவு கொண்டாராருல்ல, விடுங்கக்கா," என்பாள்.

அந்தச் செல்வமணியின் மகனுக்குத்தான் நெஞ்சில் சளி கட்டியது. முதலில் காய்ச்சல். தோட்டத்து மருந்தறையில் இருந்த சிவப்புத் தண்ணியைக் கொடுத்தார்கள். பிறகு இழுப்பு வந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்பு உள்ளே போய் வந்தது, உதடு நீலம் பூத்தது. அழுவதற்குக்கூட அதற்கு மூச்சு இல்லை, வாயை மட்டும் திறந்து மூடியது. மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போனால் பிழைக்கும். சுமந்துகொண்டு நடந்து போய்ச் சேரும்வரை பிள்ளையின் மூச்சு தாங்காது. மேலே ஹெலிகொப்டர் சத்தம் கேட்டதும் நாங்கள் இரண்டு பேரும் மைதானத்துக்கு ஓடினோம்.

அவன் பிள்ளையைப் பார்த்தான். தொட்டுப் பார்த்தான். பிறகு அந்தக் கல் முகத்தைப் போட்டுக்கொண்டான்.

"ஆட்களை ஏற்ற ஓடர் இல்லை, நங்கி. இவருக்கு அடையாள அட்டை இருக்கிறதா?"

செல்வமணிக்கு ஏது அடையாள அட்டை? அவளுடைய தாத்தா காலத்திலிருந்து இந்த மலையில் கொழுந்து பறிக்கிறார்கள், பிரசாவுரிமை மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. அட்டை இல்லாத தமிழ் ஆள் ஒருத்தியை வான்படை ஹெலிகொப்டரில் ஏற்றினால் என்ன நடக்கும் என்று சார்ஜனின் முகத்திலேயே தெரிந்தது.

"வேண்டுமானால் பிள்ளையை மட்டும் தாருங்கள்," என்றான்.

"பால் குடிக்கிற புள்ளைய யாருகிட்ட குடுக்கிறது, அக்கா? வழியில என்னமாச்சும் ஆனா யாரு தூக்குவா?" என்று செல்வமணி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. எத்தனை நாள் அடக்கி வைத்திருந்தேனோ, அத்தனையும் வெளியே வந்தது. "மயிரை வாரிவிட உங்களுக்கு ஓடர் வேண்டாம். தலையைக் காப்பாற்ற மட்டும் ஓடர் வேண்டுமா? நாளைக்கு இந்தப் பிள்ளையைக் குளிப்பாட்டிக் கிடத்துவோம். வந்து வகிடு எடுத்துவிட்டுப் போங்கள்!" என்று சிங்களத்தில் மைதானமே கேட்கக் கத்தினேன். கத்தியதற்காக நான் அன்றும் வருந்தவில்லை, இன்றும் வருந்தவில்லை.

அவனுடைய காது இரண்டும் சிவந்துபோயின. சார்ஜனைக் கூப்பிட்டு, "தொழிற்சாலையில் வெறும் எண்ணெய்ப் பீப்பாய் இருக்கிறதா என்று துரையோடு போய்ப் பார்த்துவிட்டு வா," என்றான். அவர்கள் இருவரும் மறைந்ததும் என் பக்கம் திரும்பினான்.

"வெறும் சாக்கைத் திருப்பிக் கொண்டுபோக எனக்கு ஓடர் இருக்கிறது. நிறையச் சாக்கு ஏற்று. அதற்குள் என்ன இருக்கிறது என்று நான் பார்க்கப்போவதில்லை."

எனக்கு விளங்கியது. செல்வமணியையும் பிள்ளையையும் உள்ளே தள்ளி, மாவுச் சாக்குகளை அவர்கள் மேல் குவித்தோம். பீப்பாய் இல்லை என்று திரும்பி வந்த சார்ஜன் ஏறப்போனவன் அப்படியே நின்றான்.

"சேர், சாக்குக்குக் கால் இருக்கிறது."

"ஓட்டைச் சாக்கு," என்றான் இவன், நேரே பார்த்தபடி.

சார்ஜன் என்னைப் பார்த்தான். பிறகு குனிந்து, இன்னொரு சாக்கை எடுத்து அந்தக் காலின் மேல் இழுத்துப் போட்டுவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான். அவன் பெயரும் எனக்குத் தெரியாது.

மத்தியானம் இன்னொரு தடவை மாவோடு வர வேண்டும். வரவில்லை. மலையில் மூடுபனி இறங்கி எல்லாம் வெள்ளையாகிவிட்டது. அன்று சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கொடுக்க என்னிடம் பாலில்லாத வெறும் தேயிலைச் சாயத்தண்ணிதான் இருந்தது. பசியில் அவர்கள் அழ அழ, நான் அவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். மறுநாள் வேறொரு விமானி வந்தான். மூட்டைகளைத் தள்ளிவிட்டு, இயந்திரத்தை நிறுத்தாமலே கிளம்பிவிட்டான்.

என்ன நடந்தது என்று செல்வமணி வந்து சொல்லித்தான் தெரியும். மண் சரிந்த ரோட்டில் இரத்தோட்டையிலிருந்து பிள்ளையைச் சுமந்துகொண்டு நடந்தே வந்தாள். பிள்ளை உருண்டையாக, கண் முழிப்பாக இருந்தது.

"இறங்கின எடத்துல அட்டையக் கேட்டாங்கக்கா. இவரு புள்ளய வாங்கித் தோள்ல போட்டுக்கிட்டு விறுவிறுன்னு நடந்தாரு, நான் பின்னாலயே ஓடினேன். ஜீப்புல ஏத்தி ஆஸ்பத்திரி வார்ட்டு வரைக்கும் வந்தாரு. அப்பறமும் போகல. அழுவுமா, அழுவுமான்னு நேர்ஸம்மாகிட்டக் கேட்டுக்கிட்டே நின்னாரு. அந்தச் சிங்களம் மட்டும் எனக்கு வெளங்கிச்சு. இப்ப ஒன்னும் சொல்ல முடியாதுன்னாங்க. பொறவு பட்டாளத்து ஆளுங்க ரெண்டு பேரு வந்து அவரக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. புள்ள அழுதது அதுக்குப் பொறவுதான்."

புது விமானி ஒரு நாள் இயந்திரத்தை நிறுத்தினான். காரணம், கூட ஒரு பத்திரிகைப் படக்காரர் வந்திருந்தார். ஒரு பெட்டி நிறைய மிட்டாய் வந்திருந்தது. பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, கையை நீட்டச் சொல்லி, சிரிக்கச் சொன்னார்கள். வரிசை அன்றைக்கு அழகாக நின்றது. நான் அந்த விமானியிடம் போய், முன்பு வந்த மாத்தயா எங்கே என்று கேட்டேன்.

"அவரா? அவரை இப்போது பறக்க விடுவதில்லை. ஸ்டோர்ஸில் போட்டிருக்கிறார்கள். சாக்கு எண்ணுகிறார்," என்று சொல்லிச் சிரித்தான். ஒரு மணி நேரம் ஹெலிகொப்டர் மாத்தளையில் சும்மா நின்றதை மேலிடத்துக்கு யாரும் போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்திருக்காது.

"பிள்ளை பிழைத்துவிட்டது என்று அவரிடம் சொல்லுங்கள், மாத்தயா. அவருக்குத் தெரியாது."

"எந்தப் பிள்ளை?"

நான் செல்வமணியின் இடுப்பிலிருந்து பையனைப் பிடுங்கி அவன் கையில் கொடுத்தேன். "இந்தப் பிள்ளை."

அவன் சீருடை நனைந்துவிடுமோ என்று பிள்ளையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டான். பையன் வீறிட்டான். படக்காரர் ஓடிவந்து படம் பிடித்தார். சொல்கிறேன் என்று ஒரு வார்த்தை அந்த விமானி சொல்லவில்லை. மிட்டாய்ப் பெட்டி காலியானதும் கிளம்பிவிட்டார்கள்.

ரோடு திறந்து பஸ் வந்தபோது அந்தப் பத்திரிகையும் வந்தது. முதல் பக்கத்தில் படம். நோயாளிக் குழந்தையைக் காப்பாற்றிய விமானி இவர்தான் என்று கீழே எழுதியிருந்தார்கள். பிள்ளையைத் தூக்கியிருக்கிற லட்சணத்தைப் பார்த்தாலே தெரியவில்லையா இவர்களுக்கு? எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கிழிக்கப் போனவளைச் செல்வமணி தடுத்தாள்.

"கிழிக்காதீங்கக்கா. இந்தப் பேப்பரு அவங்க கேம்புக்கும் போகுமில்ல?"

நான் மறுபடியும் படத்தைப் பார்த்தேன். அவன் பார்ப்பான் என்று நினைக்கிறேன். பார்க்க வேண்டும் என்று எத்தனையோ நாள் அந்த அம்மனிடம் கேட்டிருக்கிறேன். எழுதியிருக்கிற பொய் அவனுக்கு எதற்கு? ஓரத்தில் செல்வமணியின் பாதி முகம் விழுந்திருக்கிறது. நடுவில் அவள் மகன் முகம் சிவந்து, தொண்டை தெரிய வாயைப் பிளந்து, மூச்சு முழுவதையும் போட்டு அழுதுகொண்டிருக்கிறான்.